தண்ணீர் மாற்றும் அறை

நோய்க்காலத்தை நினைத்து யாராவது ஏங்குவார்களா? நான் ஏங்குகிறேன். பைத்தியக்காரி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்த பிறகு வந்த அந்தச் சில வருஷங்களைப் போல ஒரு காலம் என் கல்யாண வாழ்க்கையில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆன பிறகும், கண்ணை மூடினால் எனக்கு வருவது அந்த அறைதான்.

எங்களுக்குப் பெயிண்ட் கடை. கீழே கடை, மாடியில் குடித்தனம். கல்லாவில் உட்காருவது பெரியவர், அதாவது என் கணவரின் அண்ணன். அவர் வாயைத் திறந்தால் பூட்டுப் போட ஆளில்லை. கடையில் பேசுவார், படியேறும்போது பேசுவார், சாப்பாட்டை மென்றுகொண்டே பேசுவார், தூக்கத்திலும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அவருடைய மனைவி என் ஓரகத்தி, அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். எங்களுக்கு ஒரே மகள், அவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். வீட்டில் இருந்த மூன்று படுக்கையறைகளில் இரண்டு மகன்களுக்கு. மூன்றாவதில் அக்காவும் நானும் வாண்டுகளும். பெரியவரும் என் கணவரும் ஹாலில்.

என் கணவர் கடையில் நிறம் கலக்குகிறவர். வந்தவர் கேட்ட நிறத்தைக் கலந்து, குலுக்கி, மூடி போட்டுக் கொடுப்பதோடு சரி. ஊரே அவரை வாயில்லாப் பூச்சி என்றது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் கொட்டித் தீர்க்க வேண்டும். எதிரில் ஆள் பதில் சொன்னால்தானே சண்டை ருசிக்கும்? இவர் "சரி" என்பார். அந்த ஒரு "சரி"க்காகவே பல நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

கால் வீங்கி, முகம் ஊதி, சோற்றைக் கண்டாலே குமட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது ஒன்று. வயிற்றில் ஒரு குழாயை வைத்து, வீட்டிலேயே தண்ணீர் மாற்றிக்கொள்வது இன்னொன்று. கடையை விட்டு வர முடியாது என்று பெரியவர் இரண்டாவதற்குத் தலையாட்டினார். தலையாட்டியது பெரியவர்தான், நோயாளி இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான்.

எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்த நர்ஸுக்குச் சோப்பு நர்ஸ் என்று பேர் வைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் "கை கழுவினீங்களா?" என்பாள். ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"வயித்துக்குள்ள குடலச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும்மா. அதுக்குள்ள ஓடற பொடி ரத்தக்குழாய் ஒவ்வொண்ணோட சுவரும் ஒரே ஒரு செல் கனம் தான். அந்தச் செல்லுங்களுக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத இடுக்கு. ரத்தத்துல சேர்ந்த கழிவு எல்லாம் பொடிசு, அது இடுக்கு வழியா இந்தப் பக்கம் வந்துரும். ரத்த அணு பெருசு, அது வர முடியாது."

"யாரு தள்ளி விடறது?" என்று கேட்டேன்.

"யாரும் தள்ள வேண்டாம். நெருக்கடியா இருக்கற எடத்துலேர்ந்து காலியா இருக்கற எடத்துக்கு அதுவா வரும்."

எங்கள் வீட்டில் நெருக்கடியான இடம் மட்டுமே உண்டு, காலியான இடம் கிடையாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி, உடம்புல தேங்கற தண்ணி?"

"அதுக்குத்தான் பையில சர்க்கரை கலந்திருக்கு. சர்க்கரை இருக்கற பக்கம் தண்ணி போகும். செல்லுலயே தண்ணிக்குன்னு தனி வாசல் உண்டு. அதுல தண்ணியத் தவிர வேற எதுவும் நுழையாது. உப்புகூட நுழையாது."

என் கணவர் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி, "உப்புகூடவா?" என்றார். அந்த மாதத்தில் அவர் தானாகக் கேட்ட ஒரே கேள்வி அது. பெரியவர் உடனே, "அதான் சொல்றாங்கல்ல, கேளு" என்று அடக்கிவிட்டுத் தன் சந்தேகங்களை ஆரம்பித்தார்.

தண்ணீர் மாற்ற ஒரு தனி அறை வேண்டும் என்றாள் நர்ஸ். மாடியின் பின்பக்கம் காலி டப்பாக்களும் பழைய நிறஅட்டைகளும் அடைத்து வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. அதைக் காலி செய்தோம். கழுவினால் தாங்குகிற பெயிண்ட்டாக அடிக்கச் சொன்னாள். பெயிண்ட் கடைக்காரர்கள் வீட்டில் இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஆளுக்கொரு நிறம். பெரியவருக்கு வெளிர்நீலம், மூத்த மருமகளுக்கு ரோஸ், அக்காவுக்கு மஞ்சள். கடைசியில் நர்ஸ் பொறுமை இழந்து வெள்ளை அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளையில் எந்த வெள்ளை என்று இன்னும் ஒரு நாள் சண்டை நடந்தது.

ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் பை மாட்ட ஒரு கொக்கி, கீழே வடிகிற பைக்கு ஒரு பேசின், மூலையில் கை கழுவும் தொட்டி. அவ்வளவுதான் அறை. சட்டம் மட்டும் ஏராளம். கதவு சாத்தியிருக்க வேண்டும், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது, வாயில் துணி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அதை நர்ஸ் ஹாலில் நின்று வீட்டார் அத்தனை பேருக்கும் சொன்னாள்.

"மாத்தற நேரத்துல உள்ள ரெண்டு பேரு தான். அவரு, ஒதவிக்கு அவங்க. வேற யாரும் கதவத் தொறக்கக் கூடாது. கிருமி போச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

பெரியவர் மிரண்டு போனார். எந்தக் கதவையும் தட்டாமல் திறக்கிற மனுஷன், அன்றிலிருந்து எங்கள் கதவுக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். வாண்டுகள் அந்தப் பக்கம் ஓடினால் கையை ஓங்குவார்.

ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்ற வேண்டும். முதலில் வயிற்றில் இருக்கும் பழைய தண்ணீரை வடிப்பது, பிறகு வெதுவெதுப்பாக்கி வைத்த புதுப் பையை ஏற்றுவது. ஏற்றிய தண்ணீர் அடுத்த முறை வரை வயிற்றிலேயே கிடக்கும். அதைச் சுமந்துகொண்டே அவர் கீழே போய் நிறம் கலப்பார். முதல் சில மாதம் குழாய் மூடியைத் திருகும்போது மூச்சுக்கூட விட மாட்டேன். பழகிய பிறகு கைகள் தானாக வேலை செய்ய ஆரம்பித்தன. அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் வடியும் நேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். கல்யாணமானதிலிருந்து பகல் வெளிச்சத்தில் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

வடிந்த பை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ். கலங்கியிருந்தால் கிருமி. ஒரு நாள் அவர் பையைத் தூக்கிப் பிடித்து, தலைப்புச் செய்தியை அப்படியே பெரியவர் குரலில் வாசித்தார். அந்தக் கனைப்பு, அந்த "கேட்டியா சேதி", நடுவில் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் அச்சு அசல். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் கட்டிய துணிக்கு மேலே கையை வைத்து அமுக்கினேன்.

வெளியிலிருந்து பெரியவர், "என்ன சத்தம்?" என்றார்.

"இருமல்ண்ணே" என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அன்றைக்குத் தொடங்கியது. வாயில்லாப் பூச்சியாவது மண்ணாவது. அவருக்குள் ஒரு கடை நிறையச் சரக்கு இருந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் அவர் நிறத்தைக் கொண்டு அறிந்து வைத்திருந்தார். மூலை வீட்டுப் பச்சை, கணவனும் மனைவியும் கடை வாசலிலேயே சண்டை போட்டு, இரண்டு பேர் கேட்ட பச்சையையும் பாதிப்பாதி ஊற்றச் சொன்னது. இன்றைக்கும் அந்தப் பச்சை யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் சண்டை நின்றுவிட்டது என்றார். பல் டாக்டரம்மா ஒருத்தி, தான் பிறந்த வீட்டை இடிக்கும்போது உதிர்ந்த சுவர்க்காரையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாளாம். இதே நிறம் வேண்டும் என்றாளாம். கலந்து கொடுத்ததும் டப்பாவைப் பார்த்து அழுதுவிட்டாளாம்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்றது? மூடி போட்டுக் குடுத்தேன். அண்ணன் சில்லறை எண்ணிக்கிட்டிருந்தாரு."

என்னைப் பற்றியும் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று நான் யார் மேலேயோ கோபமாக இருந்தேனாம். தட்டை மேசையில் 'டக்' என்று வைத்தேனாம். "இந்தப் பொண்ணு நமக்குப் பதிலாப் பேசிக்கும்னு தோணுச்சு. அதான் சரின்னேன்." எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விசிறி ஓடாத அறையில் வேர்த்து ஊற்றியது, முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டேன்.

தண்ணீர் வடிய அரை மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்குப் போதவில்லை. வடிந்து முடிந்தும் பேசிக்கொண்டிருப்போம். கதவுக்கு வெளியே யாராவது கேட்டால், "இன்னும் வடியுது" என்பேன். வடிவது முக்கால் மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை மணியும் ஆயிற்று. வீட்டில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் மறந்தது ஒன்றுதான். பெரியவருக்குத் தம்பி மேல் உயிர். அவர் சந்தேகப்படவில்லை, கவலைப்பட்டார். யாரிடமும் சொல்லாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "தம்பிக்குத் தண்ணி எறங்கவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம் ஆகுது" என்று சோப்பு நர்ஸிடம் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். குழாய் அடைத்துக்கொண்டதோ என்று உடனே வரச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் இருந்த இடத்தில் சௌக்கியமாக இருந்தது. பிறகு நர்ஸ் தானே பக்கத்தில் நின்று வடித்துப் பார்த்தாள். கடகடவென்று இறங்கி இருபது நிமிஷத்தில் முடிந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல ஒன்றரை மணி நேரம்னு சொன்னாங்களே" என்றாள்.

எதையும் பட்டென்று சொல்லிவிடுகிற நான் அன்றைக்கு முந்தானை நுனியை மடிக்க ஆரம்பித்தேன். நர்ஸும் கல்யாணமானவள்தான். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியவர் பக்கம் திரும்பி, "சில பேருக்கு வீட்டுல மெதுவாத்தான் வரும்" என்றாள். பெரியவர் பெருமூச்சு விட்டார்.

வந்தது வந்தீர்கள், சவ்வு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம் என்றாள். ஒரு பையை ஏற்றி, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை. நாங்கள் பொய்யில் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தோம். முடிவு வந்தபோது டாக்டரும் நர்ஸும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

"சவ்வு ரொம்ப வேகமாயிடுச்சு" என்றார் டாக்டர்.

"வேகம்னா நல்லதுதானே?" என்றேன்.

நர்ஸ் தலையை ஆட்டினாள். "இல்லம்மா. கழிவு வேகமா வருது, நல்லதுதான். ஆனா சர்க்கரையும் அதே வேகத்துல அந்தப் பக்கம் போயிடுது. அப்புறம் தண்ணிய இழுக்க இங்க ஆளில்ல. வந்த தண்ணியும் திரும்பி உடம்புக்குள்ளயே போயிடும். எல்லாத்தையும் விட்டுடற சவ்வால பிரயோஜனம் இல்லம்மா."

சர்க்கரை கூடுதலாக உள்ள பலமான பையைப் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனால் அது சவ்வை இன்னும் கெடுக்கும், தண்ணீர் தேங்கினால் இதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டர். இல்லையென்றால் இப்போதே ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு மாறிவிடலாம். பெரியவர் வாயைத் திறப்பதற்குள், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, என் கணவர் முந்திக்கொண்டார்.

"பலமான பையே போதும் டாக்டர்."

ஏன் என்று எனக்குத் தெரியும். இயந்திரம் இருக்கிற கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், துணைக்கு வந்தவர்கள் வெளி பெஞ்சில்தான். சொல்லப் போனால், அவர் அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஒரு ஆள், என்னோடு பேசுவதற்காக, டாக்டரையும் அண்ணனையும் எதிர்த்துக் கேட்கிறார்.

பலமான பை கொஞ்ச நாள் வேலை செய்தது. அப்புறம் ஏற்றியதைவிட வடிவது குறைந்தது. செருப்பு காலில் ஏறவில்லை. கடையிலிருந்து மாடிக்கு வர நடுப்படியில் நின்று நின்று வந்தார். அறையில் மட்டும் பழைய ஆள்தான். கதவைச் சாத்தினால் கதை தொடங்கிவிடும். ஒரு சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு அடித்த சிவப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி வந்து இது சிவப்பே இல்லை என்று கத்தியிருக்கிறார். "அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றார். நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். அவர் வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லை. கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று ஜாடை காட்டினார். திரும்ப முயற்சி செய்தார். சொல் வரவில்லை. கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்.

 வெகுநேரம் கழித்து மூச்சு அடங்கியதும், "எங்க விட்டேன்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்."

"எதுக்கு? எதுக்குன்னு கேக்கறேன்."

அவர் பேசின் பக்கம் பார்த்தார். "அங்க போனா நீ வெளிய ஒக்காந்திருப்ப. இந்த ரூமையும் எடுத்துடுவாங்க. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. "ரூம் போனா போகட்டும். எனக்கு மட்டும் இந்த ரூம் வேணாமா? உங்களவிட எனக்குத்தான் வேணும். ஆனா நீங்க இல்லாத ரூம வெச்சுக்கிட்டு நான் நாக்கு வழிக்கவா? பேசணும்னா ஹாலுல பேசுங்க. எல்லார் முன்னாடியும் பேசுங்க."

"அண்ணன் விட மாட்டாரு."

"அண்ணன் விட மாட்டாரு, அண்ணன் விட மாட்டாரு. இத்தன வருஷமா அவரா உங்க வாயில துணி கட்டி வெச்சாரு?"

 அவர் பழைய மாதிரி, "சரி" என்றார்.

கொஞ்ச நாளில் வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். அந்த அறையில் மூத்த பேத்தியின் படிப்பு மேசையைப் போட்டார்கள், மின்விசிறி ஓட ஆரம்பித்தது. முதல் நாள் இயந்திரத்துக்குப் போனபோது நான் வெளி பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக அவர் கால் மட்டும் தெரிந்தது. கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு, கண்ணில் அசதி, வெளியே வந்தபோது நிற்கவே முடியவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஹாலில் வழக்கம்போல் சந்தை. டிவி ஒரு பக்கம், வாண்டுகள் ஒரு பக்கம், மருமகள்கள் துணி மடித்துக்கொண்டு, அக்கா சோபாவில். பெரியவர் இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று, அதைக் கண்ணாலும் பார்க்காமல், எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். இவரைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு நான் சமையலறைக்குத் திரும்பினேன்.

"இந்தா, எங்க போற? இங்க வந்து ஒக்காரு" என்றார் இவர்.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத குரல். மருமகள்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அந்த மெஷின் ஹாலுக்கு என்ன நெறம் அடிச்சிருக்கான் தெரியுமா? படுத்திருக்கறவன் கண்ணு முழிச்சா அடுத்த நிமிஷம் மூடிக்கணும், அப்படி ஒரு நெறம். அத எவன் கலந்திருப்பான்னு நாள் பூரா யோசிச்சேன். அப்புறம் பாரு..."

"அது எந்தக் கம்பெனி பெயிண்ட்னா..." என்று பெரியவர் தொடங்கினார்.

"அண்ணே" என்றார் இவர். மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் இவகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

ஹாலில் டிவி மட்டும் கத்தியது. பெரியவரின் வாய் திறந்தபடியே இருந்தது.  இந்த மனுஷன் என்ன சொல்வாரோ, இவருக்கு இப்போது இருக்கிற உடம்புக்கு ஒரு சண்டை தாங்குமா என்று பயந்தேன். பெரியவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தம்பியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து, டிவியை அணைத்தார்.

அக்கா எழுந்து நகர்ந்துகொண்டாள். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.